வெப்பம் போகும் வழி

குளிர் என்று தனியாக ஒரு பொருள் உலகில் இல்லை. வெப்பம் மட்டுமே இருக்கிறது. ஓரிடத்தில் இருந்த வெப்பம் இன்னோரிடத்துக்குப் போய்விட்டால், முதலிடத்தைக் குளிர்ந்தது என்கிறோம். குளிரூட்டும் இயந்திரங்களோடு பிழைப்பு நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பாலபாடம். ஆனாலும் இதை மறந்துவிட்டுப் பேசுகிற இடங்களே அதிகம். 'ஏ.சி. குளிர் தரவில்லை' என்று சொல்லும்போது, எங்கோ குளிர் உற்பத்தியாவதாகவும் அது நமக்கு வந்து சேரவில்லை என்றும் பொருளாகிறது. உண்மையில் நடப்பது வேறு. நம் அறையிலுள்ள வெப்பம் வெளியேற வழி கிடைக்காமல் நிற்கிறது. வழி எங்கே அடைபட்டது என்று தேடுவதுதான் எங்கள் தொழில்.

சென்னைக்கு இந்த விஷயம் புதிதல்ல. ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், குளிர்காலத்தில் உறைந்த அமெரிக்க ஏரிகளை அறுத்து, பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. அவர் நிறுவனத்தின் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் மதராஸ் கடற்கரையில் கட்டப்பட்டதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். தோரோ வாழ்ந்த வால்டன் குளத்திலும் பனி அறுத்தார்கள். தன் குளத்துத் தண்ணீரை மதராஸ்வாசிகளும் குடிக்கப்போகிறார்கள் என்று அவர் தம் நூலில் வேடிக்கையும் வியப்புமாகக் குறிப்பிடுகிறார்.

அந்தப் பனிக்கட்டி யுகம் எங்கள் தொழிலில் ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறது. குளிரூட்டும் இயந்திரங்களை இன்றும் 'டன்' கணக்கில்தான் அளக்கிறோம். ஒரு அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ, அதுவே ஒரு டன் குளிரூட்டல். 150 டன் சில்லர் என்றால் நாளொன்றுக்கு 150 டன் பனிக்கட்டியை உருக்குவதற்கு ஒப்பு. டியூடரின் பனி உருகித் தண்ணீராய் ஓடியதோடு கணக்கு முடிந்தது. இயந்திரத்தின் கணக்கு அப்படி முடிவதில்லை. அது வாங்கிய வெப்பத்தை எங்கேனும் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும்.

இலக்கியப் பத்திரிகை வாசகர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தகவலையும் இங்கே சொல்லிவிடலாம். நவீன ஏ.சி. மனித சுகத்துக்காகப் பிறந்ததல்ல. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றில் காகிதம் உப்பியும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த ஏற்பாடே இதன் தொடக்கம். காகிதத்துக்காக வந்த குளிர் பிறகுதான் மனிதருக்கு வந்தது.

கோடம்பாக்கத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். இங்கே குளிர் முதன்மையாக வந்தது படச்சுருளுக்காகவும் ஒலிக்காகவும். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜன்னல் வைக்க முடியாது, மின்விசிறி சுழல முடியாது. படச்சுருளைக் கழுவும் ஆய்வகத்திலோ வெப்பநிலைதான் எல்லாம். வண்ண நெகடிவுக்கான ஈ.சி.என்.-2 முறையில் டெவலப்பர் தொட்டி 41.1 டிகிரியில் நிற்கவேண்டும். கூடவோ குறையவோ அனுமதி 0.1 டிகிரி மட்டுமே. அதைத் தாண்டினால் நாயகியின் முகத்தில் நிறம் மாறிவிடும். ஜெமினி, பிரசாத் போன்ற ஆய்வகங்கள் இயங்கிய காலத்தில் திரைக்குப் பின்னால், ஆய்வகத்துக்கும் பின்னால், ஒரு பிளான்ட் ரூமில் எண்ணெய் படிந்த சட்டையோடு சிலர் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அவர்கள் வந்ததில்லை.

2012இல் கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2013இல் ஃபியூஜி சினிமாச் சுருள் தயாரிப்பை நிறுத்தியது. படச்சுருள் போனபின் ஆய்வகங்களும் ஒவ்வொன்றாய் அடங்கின. ஸ்டூடியோ நிலங்களுக்கு அதற்கு முன்பே வேறு வாழ்க்கை தொடங்கியிருந்தது. நாகிரெட்டியார் 1972இல் விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். விஜயா வாகினி படப்பிடிப்புத் தளங்கள் நின்ற நிலத்தில் 2013இல் பெரிய வணிக வளாகம் திறந்தது. கட்டடங்கள் மாறினாலும் குளிர் தேவை குறையவில்லை, கூடியது. ஆற்காடு சாலையில் மேம்பாலத்திலிருந்து வடபழனி நோக்கிப் போகிறவர்கள் ஒருமுறை தலையை உயர்த்திப் பார்க்கலாம். மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, மேலே பெரிய விசிறியோடு பச்சையும் வெளிர்நீலமுமான பெட்டிகள் தெரியும். அவை கூலிங் டவர்கள். கீழே நாம் விட்ட மூச்சு, உடம்பின் சூடு, விளக்குகளின் சூடு, கணினிகளின் சூடு எல்லாம் கடைசியாக நகரத்தின் வானத்துக்குப் போகும் வாசல் அவைதாம்.

*

நாங்கள் மூவர். இந்தப் பகுதியின் கட்டடங்களில் சில்லர் பழுது பார்ப்பது எங்கள் தொழில். 2019 ஜூன் மாதம் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம், ஒலிச்சேர்க்கை, படத்தொகுப்பு, டப்பிங் எல்லாம் நடக்கும் நான்கு மாடிக் கட்டடம். 150 டன் அளவில் தண்ணீரால் குளிரும் ஸ்க்ரூ சில்லர், ஆர்-134ஏ வாயு. புகார் எளியது. ஏழு டிகிரியில் வரவேண்டிய குளிர்நீர் பத்தரைக்குக் கீழே இறங்கவில்லை. பிற்பகலில் இயந்திரம் அழுத்தம் ஏறித் தானாக நின்றுவிடுகிறது. இரண்டாம் மாடி டப்பிங் கூடத்தில் பேசுகிறவர்கள் துண்டால் துடைத்துக்கொண்டே வசனம் பேசுகிறார்கள்.

எங்களுக்கு முன்பே இருவர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் கேஸ் குறைவு என்றார். மற்றவர் கம்ப்ரஸர் போய்விட்டது, புது சில்லர் வாங்குவதே மேல் என்று விலைப்பட்டியலும் தந்திருந்தார். நிர்வாகத்துக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. பிளான்ட் ரூமைக் கவனிக்கும் ஆப்பரேட்டருக்கு வயதாகிவிட்டது, அவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியோடு அவரை நிற்கச் சொல்லியிருந்தார்கள். பழுதுக்கு இயந்திரத்தில் காரணம் தேடி அலுத்தவர்கள் அடுத்ததாக ஒரு மனிதரில் தேடுவது வழக்கம்.

அவருக்கு அறுபது நெருங்கியிருக்கும். படச்சுருள் ஆய்வகம் ஒன்றின் சில்லர் பிளான்ட்டில் வெகுகாலம் இருந்தவர். ஆய்வகம் மூடியபின் இங்கே வந்தவர். நாங்கள் அவரை அண்ணே என்றே அழைத்தோம். முதல் நாள் அவர் அதிகம் பேசவில்லை. பக்கத்தில் நின்று, கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்தார். பழுது பார்க்க வருகிறவர்கள் பலபேரைப் பார்த்துவிட்ட மௌனம் அது.

இத்தகைய சில்லரில் வெப்பம் மூன்று கை மாறுகிறது. கட்டடத்தைச் சுற்றிவரும் நீர், எவாப்ரேட்டரில் தன் வெப்பத்தை வாயுவிடம் கொடுக்கிறது. கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்திச் சூடாக்கிக் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. கண்டென்ஸரின் செம்புக் குழாய்களுக்குள் ஓடும் வேறொரு நீர் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், கூலிங் டவரில் தன்னில் ஒரு பகுதியை ஆவியாக்கி, மீதியைக் குளிரவைத்துக்கொண்டு திரும்புகிறது. மூன்று கைமாற்றங்களில் எது தடைபட்டாலும் கீழே தெரிவது ஒரே அறிகுறிதான்: அறை சூடு. ஆகவே அறிகுறியிலிருந்து காரணத்துக்குத் தாவ முடியாது. ஒவ்வொரு கையாகக் கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

முதலில் கேஸ். வாயு குறைந்திருந்தால் உறிஞ்சும் பக்க அழுத்தம் வீழ்ந்திருக்கும். திரவக் குழாயின் கண்ணாடியில் குமிழ்கள் ஓடும். இங்கே உறிஞ்சும் பக்கம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்தே இருந்தது, கண்ணாடி தெளிவாக இருந்தது. மறுபக்கம், வெளியேற்றும் அழுத்தம் 158 பி.எஸ்.ஐ. ஆர்-134ஏ வாயுவுக்கு அது 46 டிகிரியைக் குறிக்கும். அந்த இயந்திரத்துக்கு 40 போதும். இந்த நிலையில் கேஸ் ஏற்றியிருந்தால் அழுத்தம் இன்னும் கூடியிருக்கும்.

அடுத்தது, வாயுவோடு காற்று கலந்திருக்கிறதா என்பது. காற்று உறையாது, கண்டென்ஸரில் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். மறுநாள் விடியற்காலையில் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்தோம். 30 டிகிரியில் அழுத்தம் 97 பி.எஸ்.ஐ. காட்டியது. அட்டவணையிலும் அதுவே. காற்று இல்லை.

கம்ப்ரஸரின் மின்னோட்டம், எண்ணெய் அழுத்தம், ஒலி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அது பலவீனப்படவில்லை. அழுத்தம் வரம்பைத் தொடும்போதெல்லாம் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை எழுபது சதவீதத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தது. தன்னைக் காத்துக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொண்ட இயந்திரத்தைத்தான் 'போய்விட்டது' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கூலிங் டவரையும் பார்த்தோம். சென்னையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டவர் தண்ணீரைக் குளிரவைக்கும் எல்லை, நாம் வழக்கமாகச் சொல்லும் வெயில் அளவைப் பொறுத்ததல்ல. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவைப் பொறுத்தது. மாலையில் கடற்காற்று வந்ததும் நமக்கு இதமாக இருக்கும். அந்தக் காற்றோடு ஈரமும் வருவதால் டவருக்கு அந்த இதம் கிடைப்பதில்லை. அன்றைக்கு ஈரத்துணி அளவு 28, டவரிலிருந்து இறங்கிய நீர் 33. கோடைக்கு அது குறை சொல்லக்கூடியதல்ல.

எஞ்சியது கண்டென்ஸர். தண்ணீர் 33இல் நுழைந்து 37இல் வெளியேறியது. ஓட்டம் குறைந்திருந்தால் இந்த வித்தியாசம் நான்குக்கு மேல் வெகுவாகக் கூடியிருக்கும். ஆகவே ஓட்டம் இருக்கிறது. ஆனால் உள்ளே வாயு 46 டிகிரியில் உறைகிறது, அதைத் தொட்டுக்கொண்டு போன நீர் 37இல் வெளியே வருகிறது. இடையே ஒன்பது டிகிரி. இதை எங்கள் தொழிலில் அப்ரோச் என்போம். சுத்தமான குழாயில் இது இரண்டு, இரண்டரைதான். வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஏதோ ஒரு சுவர் எழுந்திருக்கிறது என்று பொருள். உப்புப் படிவு. செம்போடு ஒப்பிட்டால் கால்சியம் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூறில் ஒரு பங்குகூட வராது. விரல் நகத்தின் கனமே போதும்.

இங்கேதான் கேள்வி எழுந்தது. பிப்ரவரியில்தான் குழாய்களை அமிலம் விட்டுக் கழுவியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை போதுமான வேலை. நாலு மாதத்தில் இந்தச் சுவர் எப்படி எழுந்தது?

*

"யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன் தம்பி. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்" என்று அண்ணன் ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

பெரும்பாலான பிளான்ட் ரூம்களில் லாக் புக் ஒரு சடங்கு. காலையில் வந்ததும் நாள் முழுவதுக்குமான எண்களை ஒரே மையில் எழுதி வைத்துவிடுகிறவர்களை நாங்கள் அறிவோம். ஏழு, ஏழு, ஏழு என்று போய்க்கொண்டேயிருக்கும். இந்தப் புத்தகம் அப்படியில்லை. இரண்டு மணிக்கொருமுறை, பேனா மாறி, கையெழுத்தின் சாய்வு மாறி, சில இடங்களில் வியர்வைத் துளியில் மை கலைந்து, எண்கள் நிரம்பியிருந்தன. 0.1 டிகிரிக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் கற்ற பழக்கம். ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் வேறு. 'மூணாம் மாடி மிக்ஸிங் ராத்திரி 2 வரை.' 'கரண்ட் இல்லை 40 நிமிஷம்.' 'போர் தண்ணி நின்னுபோச்சு.' 'புது லாரி.'

அன்று பிற்பகல் முழுவதும் அந்தப் புத்தகத்தைப் படித்தோம். ஒருவர் எண்களை வாசிக்க, ஒருவர் அழுத்தத்தை அட்டவணையில் வெப்பநிலையாக மாற்ற, ஒருவர் வரைதாளில் புள்ளி வைத்தார். அப்ரோச் என்ற வரிசை அந்தப் புத்தகத்தில் கிடையாது. அவர் எழுதிய எண்களைக் கழித்தால் அது தானாக வந்தது. பிப்ரவரி இறுதியில் 2. மார்ச் இறுதியில் 3. ஏப்ரல் நடுவில் நாலரை. மே தொடக்கத்தில் 6, மே இறுதியில் 8, ஜூனில் 9. யாரும் கேட்காதபோதும் ஒரு பழுது நான்கு மாதமாகத் தன்னைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

மேலேறத் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில், மார்ச் எட்டாம் தேதிக் குறிப்பு: 'இன்று முதல் ப்ளோடவுன் வால்வு மூட உத்தரவு. மூடியாச்சு.' கீழே அவர் சுருக்கொப்பம்.

ப்ளோடவுன் என்னவென்று சொல்லவேண்டும். டவரில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை, பின்தங்குகிறது. ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதைப்போல டவர் நீர் நேரத்துக்கு நேரம் கரித்துக்கொண்டே போகும். அதனால் அந்த நீரில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியே விட்டு, புதுநீர் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மடங்குக்கு மேல் சுண்டவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கட்டடத்தின் பழைய ஏற்பாடு; படிவைத் தடுக்கும் ரசாயனமும் அந்தக் கணக்குக்கே ஊற்றப்பட்டது. வெளியே விடும் வால்வை மூடிவிட்டால் உப்புக்குப் போக்கிடம் இல்லை. கால்சியம் உப்புக்கு வினோதமான ஒரு குணமும் உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது சூட்டில் கரைய மறுக்கும். எனவே அந்தச் சுற்றில் எது மிகச் சூடான பரப்போ அங்கேயே போய்ப் படியும். அது கண்டென்ஸர் குழாயின் உட்சுவர்.

உறுதிசெய்துகொள்ள லாரித் தண்ணீரையும் டவர்த் தண்ணீரையும் சோதித்தோம். குளோரைடு லாரி நீரில் 500, டவரில் 2,500. ஐந்து மடங்கு சுண்டியிருக்கிறது. அப்படியானால் 600 ஆக இருந்த கடினத்தன்மை டவரில் 3,000 ஆகியிருக்க வேண்டும். இருந்ததோ 1,900. காணாமற்போன 1,100 எங்கே போயிருக்கும் என்பதற்குக் கண்டென்ஸரின் மூடியைக் கழற்றியபோது விடை கிடைத்தது. குழாய்களின் வாய்கள் சாம்பல் கலந்த வெள்ளையில், பல்லில் படியும் காரைபோலச் சுருங்கியிருந்தன.

*

இந்த இடத்தில் பழுது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரச்சினை முடியவில்லை.

2019 கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுகிடந்தன. உணவகங்கள் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தன, நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. நாங்கள் வேலை பார்த்த தெருவில் பச்சை, ஆரஞ்சு, நீலக் குடங்கள் விடியலுக்கு முன்பே வரிசையில் நின்றன. கட்டடத்தின் ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது. புறநகர்க் கிணறுகளிலிருந்து வரும் லாரியையே நம்பியிருந்தார்கள். பதிவு செய்தால் நாட்கணக்கில் காத்திருப்பு. வரும் தண்ணீர் ஒவ்வொரு முறை ஒவ்வொரு ருசி.

அந்தச் சில்லரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு டன் குளிரூட்டலுக்கு மணிக்கு ஏறத்தாழ ஆறு லிட்டர் நீர் ஆவியாகிறது. சராசரியாக 100 டன் சுமை, 13 மணி நேரம் என்றால் நாளுக்கு சுமார் 8,000 லிட்டர் வானத்துக்குப் போகிறது. மூன்று மடங்குச் சுண்டலில் வைத்திருக்க இன்னும் 4,000 லிட்டர் வடிகாலுக்குப் போகவேண்டும். ஆக 12,000 லிட்டர், ஒரு லாரி. வால்வை மூடியதால் சுண்டல் ஐந்து மடங்கானது, தேவை சுமார் 10,000 ஆகக் குறைந்தது. நிர்வாகம் மிச்சப்படுத்தியது நாளுக்கு 2,000 லிட்டர். அதற்குக் கொடுத்த விலை குழாய்ப் படிவு, நின்று நின்று போகும் இயந்திரம், வாயு உறையும் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி கூடுவதற்கும் இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் மின்சாரம். அதோடு ஒரு மனிதரின் வேலை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனோம். அவர் கெட்ட மனிதர் அல்லர். லாரிக்காரரோடு தினமும் மன்றாடிக் களைத்திருந்தவர். குழாய்களைக் கழுவ இரண்டு நாள் நிறுத்தவேண்டும் என்றபோது தலையாட்டினார். வால்வைத் திறக்கவேண்டும் என்றதும் ஜன்னலைக் காட்டினார்.

"கீழ ஜனங்க குடத்தோட நிக்கறாங்க. நாலாயிரம் லிட்டரைத் தினமும் சாக்கடையில விடச் சொல்றீங்களா சார்?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. தொழில் கையேடு வால்வைத் திற என்கிறது. அதில் தெரு இல்லை. அவர் கேள்வியைச் சிக்கனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த வால்வை மூடச் சொன்னவரின் மனதில் செலவுக் கணக்கோடு அந்தக் குடங்களும் இருந்திருக்கலாம். இயந்திரத்துக்குச் சரியானதும் ஊருக்குச் சரியானதும் அந்த ஜன்னலில் எதிரெதிராக நின்றன.

வழியைச் சொன்னவர் அண்ணன்தான். கூடவே வந்து கதவோரம் நின்றிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "சார், மாடி மாடியா ஏ.ஹெச்.யூ. தண்ணி சும்மாத்தானே போவுது. மழைத்தண்ணி மாதிரி இருக்கும். நான் அதைத்தான் செடிக்கு ஊத்தறேன்."

குளிர்க்காற்றுப் பெட்டிகளில், ஈரக்காற்று குளிர்ந்த சுருளைத் தொடும்போது வியர்த்துச் சொட்டும் நீர் அது. சென்னைக் காற்றின் ஈரமும் உள்ளே இருப்பவர்களின் மூச்சும் சேர்ந்தது. உப்புமானியை வைத்துப் பார்த்தோம், ஏறத்தாழ வடிநீர்தான். குடிக்கத் தகாது, சுருளின் உலோகமும் கிருமியும் இருக்கும். ஆனால் டவருக்கு அதைவிட நல்ல நீர் கிடைக்காது. நான்கு மாடிக்கும் சேர்த்து நாளுக்கு 1,300 லிட்டர் அளவில் தேறியது. டவரிலிருந்து வெளியேவிடும் கரிப்பு நீரைக் கழிவறைத் தொட்டிகளுக்குத் திருப்பினால் அங்கே செலவாகிக்கொண்டிருந்த நல்ல நீரில் 3,000 லிட்டர் மிச்சம். இரண்டும் சேர்ந்து, வால்வை மூடி மிச்சப்படுத்தியதைப்போல இரு மடங்கு. சில நூறு அடி பி.வி.சி. குழாய், ஒரு சின்ன பம்பு, ஒரு தொட்டி.

நைலான் தூரிகையால் ஒவ்வொரு குழாயாகத் தேய்த்தோம். தேயாததற்குச் சல்ஃபாமிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டோம். மூன்றாம் நாள் காலை இயந்திரத்தை ஓட்டியபோது வாயு 40 டிகிரியில் உறைந்தது. பத்தரை மணிக்குக் குளிர்நீர் 7.2. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை எழுதினார். புது சில்லர் வாங்கவில்லை. அவரை நிற்கச் சொன்ன பேச்சும் அதன்பின் எழவில்லை. யாரும் வருத்தம் தெரிவித்ததாகவும் தெரியவில்லை. மார்ச் எட்டாம் தேதியின் அந்த ஒற்றை வரி இல்லாதிருந்தால் நாங்கள் படிவைக் கண்டுபிடித்திருப்போம். அது யாரால் வந்தது என்ற பழி அவர்மீதே நின்றிருக்கும்.

*

இத்தனை ஆண்டுகளில் நகரத்தின் தண்ணீர்க் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. அதே 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மும்முறை சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். நெம்மேலியில் 15 கோடி லிட்டர் கடல்நீர் நிலையம் 2024இல் திறந்தது. தேவையும் மாறியிருக்கிறது. தரவு மையங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றி உலகம் முழுவதும் இன்று பேசுகிறார்கள். எங்களுக்கு அந்த விவாதம் வியப்பளிக்கவில்லை. கணினியின் சூடும் டப்பிங் கூடத்தின் சூடும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேறுகின்றன, அந்த வாசலில் எப்போதும் யாருடைய தண்ணீரோ ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அழுத்தமானியைப் பொருத்தும் முன் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எழுதி வைத்திருக்கிறீர்களா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் லாரிக்காரரின் தொலைபேசி எண்தான் பதில். இரண்டாவதற்கு ஏழு, ஏழு, ஏழு என்று நிரம்பிய புத்தகம் வரும். மனிதர் எழுதிய புத்தகம் எப்போதாவது ஒருமுறை வரும். அப்படி வரும் நாளில் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

அண்ணன் 2022இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்திருப்பவர் பாலிடெக்னிக் முடித்த இளைஞர், கைபேசியில் எல்லா எண்களும் தானாக வந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் நீல அட்டை நோட்டு மேசைமேல் இருக்கிறது. அழுத்தம், வெப்பநிலை வரிசைகளுக்கு அடுத்ததாக, அடிக்கோல் வைத்துப் போட்ட புதிய வரிசை ஒன்று: 'இன்று வந்த தண்ணீர், உப்பு எவ்வளவு.' போன மாதம் போனபோது பார்த்தோம். அதில் ஒரு கட்டமும் காலியாக இல்லை.